காலியாகத் திருப்ப முடியாத கிண்ணம்

ஷிராஸ்

அன்பு மகன் காம்யாருக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வருகிறது, மனசு வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயம்தான். நீயாவது மெல்போர்னில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாமென்றால் உன் அப்பா பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு நிற்கிறார். அதனால் நாளை அங்கே புறப்படும் பல் டாக்டர் மகள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உனக்கு அங்கேயே தங்க விசா கிடைத்ததும் நேர்ந்துகொண்டபடி குங்குமப்பூ பாயசம் காய்ச்சித் தெருவுக்கெல்லாம் கொடுத்தேன். எதிர்வீட்டம்மா மஹ்லகா கானூமுக்கு நம் நீலப் பீங்கான் கிண்ணத்தில் போயிற்று. காலிக் கிண்ணத்தைத் திருப்புகிற வீடா அது? மாதுளம்பழத்தோடு வந்தது. நாம் மட்டும் தாழ்ந்து போவதா என்று அப்பா ஒற்றைக்காலில் நிற்க, பிஸ்தா நிரப்பி அனுப்பினேன். அவள் பட்டுத் துணி வைத்தாள். நான் பன்னீர் புட்டி வைத்துக் கொண்டுபோனவள், மரியாதைக்கு, "எம்பிள்ளை உங்க வீட்டு அடிமை கானூம்" என்று சொல்லித் தொலைத்தேன். இந்த ஊரில் காய்கறிக்காரனிடம்கூட அப்படித்தானே பேசுகிறோம்! அவளும் சும்மா இராமல், "எம்பொண்ணு நிகார் உங்க வீட்டு வேலைக்காரிங்க" என்றாள். மறுநாள் கிண்ணத்தில் உன் அளவுக்கு ஒரு சட்டை வந்தது. அதற்குள் ரொட்டிக் கடைக்காரர் எனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டார்.

உபசாரத்துக்குச் சொன்னது கல்யாணப் பேச்சாகவே ஆகிவிட்டது. நாம் முதலில் மறுத்தால் மரியாதை கெட்ட வீடு என்ற பேர் நமக்கு, மறுக்காவிட்டால் போவது உன் தலை. அப்பாவிடம் அழுதால், "நம்ம காலத்துல யாரு யாரைக் கேட்டா? நான் உன்னைக் கேட்டா கட்டிக்கிட்டேன்?" என்கிறார். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது.

நேற்று அவர் முடிவெட்டப் போன நேரத்தில் நிகார் தனியாக வந்தாள். "சித்தி, கோவிச்சுக்காதீங்க, எனக்கு உங்க பிள்ளை வேணாம். இனிமே எதையும் அனுப்பாதீங்க" என்றாள். நிம்மதியாகவும் இருந்தது, என் பிள்ளைக்கு என்ன குறைச்சல் என்று கோபமும் வந்தது. இவ்வளவு வாங்கிக்கொண்டு எப்படியம்மா நிறுத்துவது என்றேன். அவள் அந்தக் கிண்ணத்தை எடுத்து முற்றத்துக் கல்லில் போட்டாள். "இப்ப எதுல வெச்சு அனுப்புவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். சில்லுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு நிம்மதியாக ஒரு டீ குடித்தேன்.

இன்று காலையில் மஹ்லகா கானூமே வந்தாள். மகள் கைதவறி உடைத்துவிட்டாளாம், முகத்தைக் காட்டவே வெட்கமாம். பதிலுக்கு ஒரு பெரிய செம்புக் கிண்ணம். உள்ளே பச்சைத் தாள் சுற்றிய இரண்டு சர்க்கரைக் கூம்புகள், நிக்காஹ் அன்று மணமக்கள் தலைக்குமேல் தேய்த்து உதிர்ப்பார்களே, அதேதான். இதற்குப் பதில் மோதிரம் ஒன்றுதான் என்று உன் அப்பா கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டார்.

கண்ணே, நீ அனுப்பிய படத்தில் உன் பின்னால் மேஜைமேல் இரண்டு குவளைகள் இருந்தன. ஒன்றின் விளிம்பில் உதட்டுச் சாயம். அப்பா அன்று கண்ணாடி போட்டிருக்கவில்லை, நான் போட்டிருந்தேன். அது யார் என்று கேட்க இத்தனை நாள் பயந்தேன். யாருமில்லை என்று சொல்லிவிடுவாயோ என்று இப்போது அதைவிடப் பயமாக இருக்கிறது.

கடவுள் உன்னைக் காக்கட்டும், நீ காலெடுத்து வைக்கும் இடமெல்லாம் விளங்கட்டும். குளிரில் காதை மூடிக்கொள். இதைப் படித்ததும் அப்பாவிடம் நீயே பேசிவிடு. செம்புக் கிண்ணம் உடையாது, நான் போட்டுப் பார்த்துவிட்டேன்.

உன் அம்மா,
ஃபரங்கிஸ்