1.36 வோல்ட்

நாள் 212, 04:10
நிலவின் மறுபக்க நிலையம். பதிவு: பூரணி. காற்றழுத்தம் சரி. நீர் மறுசுழற்சி சரி. ஆறு நாள் நிலவைச் சுற்றி வரைபடப் பணி முடித்து ஜெபராஜ் இன்று இறங்குகலத்தில் திரும்புகிறான். நிலையத்தில் நான் மட்டும்.

04:50
மின்பாய்ச்சல் ஒன்றில் முதன்மைக் கணினி கருகிவிட்டது. பூமிக்குத் தரவு அனுப்பும் இணைப்பும் போயிற்று. குரல் இணைப்பு மட்டும் மிச்சம். கலத்துக்கு இறங்கும் பாதையைக் கணக்கிட்டுத் தருவது அந்தக் கணினிதான். அதற்கான தரவு நிலையத்தின் சேமிப்பில் இருக்கிறது; குரலில் படித்துப் பூமிக்கு அனுப்ப முடியாத அளவு. ஜெபராஜின் காற்று 14:00 வரை. எண்களைப் படித்துக் காட்டப் பத்து நிமிடம், இறங்க முப்பது நிமிடம். ஆக 13:20க்குள் அவனுக்கு எண்கள் வேண்டும்.

உணவறையில் நாங்கள் படம் பார்க்கும் பழைய மேசைக்கணினி இருக்கிறது. 3.6 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் எட்டு மணி நேரம் பிடிக்கும். இப்போதே தொடங்கினால் போதும். பட்டியலில் இல்லாத கருவி என்பதால் பூமியின் கட்டுப்பாட்டு அறையிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.

06:00
அனுமதி வந்தது. எழுபது நிமிடம் கூட்டம் போட்டிருக்கிறார்கள். இனி இயல்பான வேகத்தில் ஓடினால் அவன் காற்று தீரும் நிமிடத்தில் கணக்கு முடியும். வேகத்தை 4.4க்கு ஏற்றியாக வேண்டும். அதற்கு எத்தனை வோல்ட் கொடுத்தால் இது தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆத்திரத்தைத் தள்ளிவைத்துவிட்டு மேசைக்கணினி முன் உட்கார்ந்தேன்.

06:30
1.28 வோல்ட்: ஒரு நிமிடத்தில் திரை உறைந்தது.
1.32: நான்கு நிமிடம் ஓடித் தானே மறுதொடக்கம்.
1.40: வெப்பம் 98 டிகிரி. சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.
மூடியைக் கழற்றி, தூசியைத் துடைத்து, குளிர்காற்றுக் குழாயை உள்ளே திருப்பிவிட்டேன். அடுத்து 1.36.

06:45
பத்து நிமிடச் சோதனையில் தேறியது. குறைந்தது ஒரு மணி நேரம் சோதிக்க வேண்டும். அரைகுறை மின்னழுத்தத்தில் கணினி நின்றுபோனால் நல்லது; நிற்காமல் தவறான விடையைத் தந்தால்தான் ஆபத்து. இதைக் கட்டுப்பாட்டு அறையின் தணிகாசலத்திடம் சொன்னேன்.

"பத்து நிமிஷம் ஓடுச்சுன்னா ஸ்டேபிள்தாம்மா. எப்பவும் அப்படித்தானே எழுதுவோம்."

உண்மை. ஸ்டேபிள் என்று குறிக்காமல் சோதனைப் படிவம் மூடாது. பதினாறு வருடமாக நானும் பத்து நிமிடத்தில் குறித்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறேன். அவர் மேல் உள்ள கோபத்தில் பாதி என் மேல்தான்.

கணக்கைத் தொடங்கிவிட்டேன். 13:18க்கு முடியும்.

09:20
வெப்பம் 84. ஜெபராஜிடம் எல்லாம் சொன்னேன். சிரித்தான்.

"நாம படம் பாத்த பெட்டியாக்கா? என் உசிரு அதுல ஓடுதுன்னு எங்க வீட்டுல சொல்லிராதீங்க."

11:02
கணினியின் பிழைப்பட்டியலில் ஒரு வரி. கணக்கீட்டுப் பிழை ஒன்று, தானே திருத்தப்பட்டது. கண்ணில் பட்டது ஒன்று. படாதவை எத்தனை? நிறுத்தி வோல்ட்டைக் கூட்டிச் சோதிக்க நேரமில்லை.

"அதான் திருத்திக்கிச்சுல்ல," என்கிறார் தணிகாசலம். பின்னணியில் யாரோ தேநீர் கேட்பது கேட்கிறது. ஹெட்போனைக் கழற்றிச் சுவரில் அடித்தேன். உடையவில்லை. எடுத்து மாட்டிக்கொண்டேன்.

13:18
எண்கள் வந்துவிட்டன. தவறாக இருக்கலாம் என்று அவனிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

"சரியாவும் இருக்கலாம்லா? காத்து தீருது. படிங்கக்கா, எழுதிக்கிடுதேன்."

படித்தேன். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான். ஒன்றும் பிசகவில்லை.

13:26
இறங்கத் தொடங்கிவிட்டான். பிழைக்கு முன்பு, 10:45க்குச் சேமித்த கட்டத்திலிருந்து அதே கணக்கை 3.6 வேகத்தில் மறுபடி ஓடவிட்டேன். இனி அவனுக்கு இது உதவாது. எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

13:53
"உயரம் சரியில்லக்கா. தரை சீக்கிரமா வருது." அதன் பிறகு குரல் இல்லை.

14:00
கூப்பிடுகிறேன். இல்லை.

14:40
கட்டுப்பாட்டு அறை கோப்பை மூடிவிட்டது. படித்துக் காட்டினார்கள். கணினி: ஸ்டேபிள். காரணம்: விமானியின் தவறு. ஒப்புதல் கேட்டார்கள். அவன் வீட்டுக்கும் இதையேதான் சொல்வீர்களா என்று கேட்டேன். தணிகாசலம் சொன்ன பதில்: "அவன் குடும்பத்துக்கு இனிமே எது சொன்னா என்னம்மா?"

குரல் இணைப்பை அறுத்துவிட்டேன்.

16:32
மறுகணக்கு முடிந்தது. இறங்கும் வேகத்தைத் தணிக்கும் இரண்டாம் எஞ்சின் எரிப்பு முப்பத்தொரு நொடி.

நான் படித்தது இருபத்தேழு. அவன் திருப்பிச் சொன்னதும் இருபத்தேழு.

இதைக் கண்டெடுப்பவருக்கு: ஜெபராஜ் எந்தத் தவறும் செய்யவில்லை. அவன் வீட்டில் இதைச் சொல்லுங்கள். இருபத்தேழு என்று சொன்னது யார் என்று கேட்பார்கள். என் பெயரையும் சொல்லுங்கள்.