கோதின் வாயை நெரிப்பதா

ஒக்ரோபர் 2, வியாழன்

காலையிலிருந்து தூறல். நிலவறையில் மூஸ் என்கிற பெரிய மான் வேட்டைக்குத் தோட்டா நிரப்பினேன். பழைய பித்தளைக் கோது, புது வெடிமருந்து, புதுக் குண்டு. முழங்கால் வலி.

மத்தியானம் மனுசியின் தம்பி யோகன் வந்தான், ஆற்றுக்கு அக்கரை புரோசார்ட்டிலிருந்து. பொறியியலாளர். ஒரு தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். "அத்தான், வாய் நெரிக்கேல்லையோ?"

கோதின் வாயை நெரித்துக் குண்டை இறுக்காவிட்டால், ஒரு வெடியின் உதைப்பில் துவக்கின் மகசீனில் கிடக்கிற மற்றத் தோட்டாக்களின் குண்டு உள்ளே போய்விடுமாம். அமுக்கம் ஏறித் துவக்கே வெடிக்குமாம். வீடியோவில் ஒரு தாடிக்காரன் சொன்னானாம். தாடி வளர்த்தால் போதும், இந்தக் காலத்தில் ஆசான். என் குண்டில் நெரிப்பதற்கான பள்ளமே இல்லை. பள்ளமில்லாததை நெரித்தால் செம்பு நசியும், குறி கெடும். கோதின் கழுத்துப் பிடியே குண்டுக்குப் போதும். சொன்னேன். தலையாட்டினான், சின்னப்பிள்ளைக்கு ஆட்டுவதுபோல.

ஒக்ரோபர் 4, சனி

வெயில். காற்றில்லை. யோகனோடு சுடுதிடல். அவனும் தான் நிரப்பி நெரித்த தோட்டாக்களோடு வந்தான். என் தோட்டா ஒன்றில் மனுசியின் நகப்பூச்சால் புள்ளி. அளந்து, மகசீனின் அடியில் போட்டு, மேலே கிடந்தவற்றைச் சுட்டேன். திரும்ப அளந்தேன். மகசீனைத் திரும்ப நிரப்பிச் சுட்டேன். தோள் கன்றியதுதான் மிச்சம். குண்டு மயிரிழையும் நகரவில்லை. என் துளைகள் உள்ளங்கைக்குள். அவன் நெரித்தவை கடதாசி முழுக்க, அம்மை போட்டதுபோல.

யோகன் சொன்ன காரணம்: காற்று. திடலில் கொடி தொங்கிக்கொண்டிருந்தது.

ஒக்ரோபர் 7, செவ்வாய்

யோகன் தொலைபேசி எடுத்தான். வேட்டையில் நெரிக்காத தோட்டாவோடு நான் அவன் பக்கத்தில் இருப்பது அவன் மனைவிக்குப் பயமாம். ஒன்றில் நான் நெரிக்கவேண்டும், இல்லாவிட்டால் கடைத் தோட்டா வாங்கவேண்டும். இரண்டும் இல்லையென்றால் எனக்குப் பதிலாக அவனுடைய ஒபீஸ்காரன் ஒருவன் வருகிறானாம். சுட்ட ஒரு மூசில் இரண்டு பேரின் வேட்டைச் சீட்டுக் கட்டவேண்டும், சட்டம். இரண்டாவது சீட்டு யாருடையதாக இருந்தால் அவனுக்கென்ன. நாங்கள் வேட்டைக்குப் போகிற காட்டின் சொந்தக்காரரிடம் உடைந்த பிரெஞ்சில் இடம் கேட்டு வாங்கியவன் நான். அது ஒருவருக்கும் நினைவில்லை.

மனுசி: "பத்துத் தோட்டாவை நெரிச்சாக் கை தேஞ்சு போகுமோ? வருசத்தில ஒருக்காத்தான் சிரிச்சுக்கொண்டு வெளிக்கிடுறியள்."

தேயாது. நெரிக்கமாட்டேன்.

ஒக்ரோபர் 11, சனி

யோகனும் ஒபீஸ்காரனும் போய்விட்டார்கள். நல்ல குளிர். லாசால் தெருவெல்லாம் இலை. பல்கனி கூட்டினேன். துவக்குக்கு எண்ணெய் போட்டேன், தேவையில்லாமல். அடுத்த ஒக்ரோபரில் இந்த முழங்கால் மேடு ஏறுமோ தெரியாது. மனுசி என் முகம் பார்க்கிறாள். பார்க்கட்டும்.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

பின்னேரம் காட்டிலிருந்து யோகன் தொலைபேசி எடுத்தான். குரல் இறங்கியிருந்தது. விடிய ஒரு கொம்பன் மூஸ் வெட்டவெளியில் வந்து நின்றதாம். தோட்டாவைத் தள்ளினால் துவக்கின் போல்ட் மூடவில்லை. அடுத்ததும் மூடவில்லை. ஒபீஸ்காரன் அப்போது கபினில் நித்திரை. மூஸ் இவனைப் பார்த்துவிட்டு நடந்து போனதாம். ஒபீஸ்காரனும் மத்தியானமே குளிர் தாங்காமல் வீட்டுக்கு.

சுடுதிடலுக்குப் பிறகு வேட்டைக்கென்று புதிதாக நிரப்பி, நெரிப்பை இன்னும் இறுக்கினானாம். தோற்றவன் புத்தி. கோதுகளை ஒரே நீளத்துக்கு வெட்டினாயா என்று கேட்டேன். வெட்டவில்லையாம். நீண்ட கோதை இறுக்கி நெரித்தால் கோதின் தோள் பிதுங்கும், துவக்கின் அறைக்குள் போகாது. அரிச்சுவடி. இரண்டு பட்டம் வாங்கியவன்.

"நெரிச்சது பிழையில்லை அத்தான். வெட்டாததுதான் பிழை." பேந்து, மெல்ல: "உங்கட தோட்டாவோடயே வாங்கோ. நான் பக்கத்தில இருக்கிறன்."

வாறன் என்றேன். மனுசி அதற்குள் தடித்த காலுறைகளை எடுத்து வைத்துவிட்டாள்.

அவன் சொன்னது சரிதான். வெட்டியிருந்தால் மூடியிருக்கும். அதை என் வாயால் அவன் கேட்கமாட்டான்.