கேரம் மன்றத்தில் ஒரு பேக்கமன் மேஜை

பிப். 3, செவ்வாய்

காலையில் பனி. எண்ணூர் பக்கத்துக் கரித்தூள் மொட்டை மாடித் துணி முழுக்க. வெள்ளைப் போர்வையைத் திரும்ப ஊறவைக்க வேண்டும்.

துருக்கிக் கப்பலுக்குச் சாமான்: வெங்காயம், உருளை, தயிர், டாய்லெட் பேப்பர், எலுமிச்சை (ஏகப்பட்டது). டீத்தூளை மறந்துவிட்டேன். டீ இல்லாமல் அவர்கள் கப்பல் நகராது. கடைக்கு போன் போட்டு வரவழைத்தேன். வழக்கம்போல நான்தான் கப்பலேறினேன், மூட்டை தூக்கக் கடைப் பையன் மூர்த்தி. வீட்டுக்காரருக்குக் கப்பல் ஏணியைப் பார்த்தாலே தலை சுற்றும். ராயபுரத்தில் கப்பல்களுக்கு மளிகை சப்ளை செய்யும் கடைக்கு இவர் முதலாளி!

பில்லில் கையெழுத்துக்குக் காத்திருந்தபோது சீஃப் இன்ஜினியர் ஹலீல் பேக்கமன் பலகையை விரித்தான். போன தடவை இந்தக் கப்பல் வந்தபோதும் என்னைத் தோற்கடித்தவன். மீசை, தொந்தி, சிரிப்பு. என்னை 'ஆப்லா' என்கிறான். அவன் ஊரில் அக்காவாம். பகடை விழுந்தால் எண்ணை பாரசீகத்தில் கத்துகிறான்: யேக், தூ, ஷேஷ். துருக்கியில் ஆட்டத்துக்கு மட்டும் அந்தக் கணக்குதானாம்.

மூர்த்தி காதில்: "இன்னாக்கா இது, சேட்டு கடைல எண்ற மாரியே எண்ணிகினு கீறான்?"

தோற்றேன். படுதோல்வி. அவன் பலகையை மூடி என் அக்குளில் இடுக்கிவிட்டான். தோற்றவர் பலகையைச் சுமந்துபோய் ஆட்டம் கற்றுக்கொண்டு வர வேண்டும், அது அவர்கள் வழக்கம். ஏணி வரை சுமக்கவிட்டு அப்புறம் வாங்கிக்கொண்டான். சமையல்காரன் முதல் கேப்டன் வரை சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

பிப். 4, புதன்

வெயில் இப்போதே சுள்ளென்று.

மன்றக் கமிட்டிக் கூட்டம், மாலை. கேட்டது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பேக்கமனுக்கு ஒரு மேஜை. எங்கள் தெருவில் ஆடுகிறவர்கள் நாங்கள் நாலைந்து பேர். என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் ஆட்டம். வீட்டுக்காரர் தட்டோடு வந்தால் எழுந்து போக வேண்டும். தண்டையார்பேட்டையில் இவ்வளவு பெரிய மன்றம், வரிசையாகக் கேரம் பலகைகள், நமக்கு ஒரு மூலை கிடையாதா? பாவாடை சட்டை போட்ட காலத்தில் இதே மன்றத்துக்குக் கேரம் கோப்பை வாங்கிக் கொடுத்தவள் நான். அலமாரியில் இன்னும் இருக்கிறது, தூசியோடு.

செயலாளர் கன்னியப்பன் பகடையைக் கையில் வாங்கிப் பார்த்தார், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல.

"தோ பாருக்கா, கேரம்னா கேரம். பகடை உள்ள வந்துச்சுன்னா நாள பின்ன சூதாடுறாங்கன்னு எவனாச்சும் போலீஸ்ல போட்டு உட்ருவான். பேஜாரு."

விடவில்லை. நேற்று ராத்திரி போனில் படித்ததையெல்லாம் கொட்டினேன். இது சூதுக்கென்றே பிறந்த ஆட்டமில்லை, நம்ம தாயத்துக்கும் சொக்கட்டானுக்கும் ஒன்றுவிட்ட சொந்தம். இரண்டு பேர், ஆளுக்குப் பதினைந்து காய், இரண்டு பகடை. காய்களை ஓட்டிக்கொண்டு வந்து வீடு சேர்த்து வெளியே எடுக்க வேண்டும், தனியாக நிற்கும் எதிரிக் காயை வெட்டலாம். ஈராக், ஈரான் மண்ணுக்கடியில் இதற்குத் தாத்தா முறையான பலகைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ரோம் ராஜாக்கள் இதன் பெரியண்ணனை ஆடினார்கள். பாரசீகத்தில் இதன் பெயர் நர்த். கட்டம் இருபத்துநாலு, நாளின் மணிகள். காய் முப்பது, மாதத்தின் நாட்கள். கறுப்பும் வெள்ளையும் ராத்திரியும் பகலும்.

கேட்டார்கள். தலையாட்டினார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? பாரசீகக் கதையையும் சொன்னேன். இந்திய ராஜா சதுரங்கத்தை அனுப்பி, 'புரிகிறதா பார்' என்றானாம். பாரசீக மந்திரி அதைக் கண்டுபிடித்துவிட்டு, பதிலுக்கு இந்த ஆட்டத்தை உண்டாக்கி இங்கே அனுப்பினானாம். நம் பண்டிதர்கள் பலகையைப் பார்த்து முழித்தார்களாம்.

கன்னியப்பன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இன்னாது? நம்மாளு தோத்துகினானா?"

"கதைதான் அண்ணே."

"கதயோ இன்னாவோ! அன்னிலேர்ந்து இன்னிக்கி வரிக்கும் எவனும் பதில் சொல்லலியா?"

கமிட்டி முழுக்க ரோஷம். ஆளாளுக்குக் கத்தல். அந்தப் பண்டிதர்களை ஒருவர் அசிங்கமாகத் திட்டினார். கடைசியில் தீர்ப்பு: இந்த ஆட்டம் ஆடுகிற கப்பல்காரன் ஒருத்தனை நான் மன்றத்துக்கே கூட்டி வந்து, எல்லோர் எதிரிலும் ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால் மேஜை. தோற்றால் பேக்கமன் பேச்சையே மன்றத்தில் எடுக்கக் கூடாது.

சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிப். 5, வியாழன்

பால்காரர் வரவில்லை. கறுப்புக் காப்பி.

ஏன் தோற்கிறேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். பகடை குற்றமில்லை. என் கை குற்றம். எங்கள் தெருத் தாயத்தில் ஒரு காயாவது வெட்டாமல் பழம் எடுக்க முடியாது. வெட்டினால் இன்னொரு முறை உருட்டலாம். பிறந்ததிலிருந்து பழகியது. ஹலீலின் காய் தனியாக நின்றால் போதும், கை தானாகப் போய் வெட்டுகிறது, தேவையோ இல்லையோ. வெட்டின குஷியில் பகடையைத் திரும்பவும் எடுக்கிறேன். அவன் என் மணிக்கட்டை மெல்லத் தட்டுகிறான். வெட்டப்போன என் காய் தனியாக நிற்கிறது. அடுத்து அவன் வெட்டுகிறான். இதே கதை, ஒவ்வொரு தடவையும்.

சாயந்திரம் மூர்த்தியோடு பயிற்சி. பிளைவுட் பலகை, இரண்டு கேரம் செட் காய். அவனுக்கும் அதே வியாதி. மாற்றி மாற்றி வெட்டிக்கொண்டோம், யாரும் வீடு போய்ச் சேரவில்லை.

வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்: "பேசாம கேரமே ஆடேன் ஸ்டெல்லா. அதுலயாவது ஒனக்கு பேரு இருந்துச்சு."

ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போட்டேன்.

பிப். 6, வெள்ளி

நெட்டுக்குத்தான கப்பல் ஏணி, முட்டி வலி. தைலம் வாங்க.

ஹலீல் வருகிறான்! ஞாயிறு மாலை இறங்க பாஸ் இருக்கிறதாம், திங்கள் கப்பல் கிளம்புகிறது. மேஜை விவகாரத்தைச் சொன்னேன். விட்டுக்கொடுப்பாயா என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான், "தாய் கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆப்லா." நல்லது. எனக்கும் பிச்சை வேண்டாம்.

ஆட்டம் யாருடையது என்று கேட்டேன். நெஞ்சில் தட்டி, "எங்களுடையது." போன வருஷம் வந்த கிரேக்க சமையல்காரனும் இதையேதான் சொன்னான், அதே இடத்தில் தட்டி. சிரியாக்காரனும். ஒரு ஆட்டத்துக்கு எத்தனை அப்பன்!

பிப். 8, ஞாயிறு

ஜெயித்தேன்.

ஜெயித்தேன், ஜெயித்தேன், ஜெயித்தேன். எழுத்து கோணல். பரவாயில்லை, இதை யார் படிக்கப் போகிறார்கள்.

ஒழுங்காக எழுதுகிறேன். பூசைக்குப் போய்விட்டு வந்து மீன் குழம்பு, சரியாக இறங்கவில்லை. ஐந்து மணிக்கு மூர்த்தி ஹலீலை ஆட்டோவில் கூட்டி வந்தான். மன்றத்தில் அவ்வளவு கூட்டம் நான் கோப்பை வாங்கின அன்றைக்குக்கூட இல்லை. ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு ஆட்கள். ஹலீலுக்குக் கன்னியப்பன் சால்வையே போட்டுவிட்டார். எனக்கு ஒன்றும் போடவில்லை.

மூன்றில் இரண்டு. முதல் ஆட்டம் நன்றாகத்தான் போனது. ஓட்டத்தில் முன்னால் நான்தான். அவன் காய் ஒன்று என் வீட்டுக்குள் ஒண்டியாக. கூட்டம் "வெட்டு!" என்றது, வெட்டினேன். அடுத்த பகடையில் அவன் வெட்டுப்பட்ட காயோடு திரும்ப உள்ளே வந்து என் ஒற்றைக் காயை வெட்டினான். போச்சு.

கன்னியப்பன், பக்கத்து ஆளிடம்: "நான்தான் சொன்னனே." எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்.

இரண்டாவதில் பகடை என் பக்கம். இரட்டையாக விழுந்துகொண்டே இருந்தது (இரட்டை விழுந்தால் இரண்டுக்குப் பதில் நாலு ஓட்டம்). நான் கெட்டிக்காரி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். கிடைத்ததை வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது. டீ வந்தது, யாரும் குடிக்கவில்லை. ஆட்டம் முற்றும் நேரத்தில் பார்த்தால் திரும்பவும் அதே நிலை. நான் முன்னால், அவன் காய் ஒன்று என் வீட்டுக்குள் தனியாக. எனக்கு ஐந்தும் இரண்டும் விழுந்தது. இரண்டை ஓட்டி அவன் காய்மேல் வைத்தால் வெட்டு, ஆனால் என் காயும் ஒற்றையாகிவிடும். ஐந்தையும் இரண்டையும் சேர்த்து வேறொரு காயை ஓட்டினால் வெட்டு இல்லை, என் காய் எல்லாம் ஜோடி ஜோடியாகப் பத்திரம்.

"வெட்டுக்கா!"

"கையில கீது, வெட்டேன்!"

"யக்கா, வெட்டாம எப்டிக்கா பழம் எடுப்ப?" இது மூர்த்தி. பயிற்சி எடுத்த மூர்த்தி!

விரல் அந்தக் காய்மேல் போய்விட்டது. உண்மையைச் சொல்கிறேன், தொட்டுவிட்டேன். நல்லவேளை, நகர்த்தும் வரை கணக்கில்லை என்பது ஹலீல் ஊர் விதி. விரலை எடுத்தேன். வேறு காயைப் பிடித்து ஏழு கட்டம் ஓட்டினேன். வெட்டவில்லை.

மன்றம் மொத்தமும் 'ச்ச' என்றது. கன்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். ஹலீல் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பார்வை போதும் எனக்கு.

அதற்கப்புறம் சுத்த ஓட்டம். கடைசியில் எனக்கு இரண்டு காய் மிச்சம், எது விழுந்தாலும் வெளியே வந்துவிடுகிற கட்டத்தில். அவனுக்கு நாலு. முறை அவனுடையது. இரட்டை விழுந்தால் நாலும் வெளியே போகும், அவன் ஜெயித்தான். விழாவிட்டால் நான். பகடையைக் குலுக்கினான், குலுக்கினான், என் உயிரை வாங்கினான். மாதாவே என்று சொல்லிக்கொண்டேன். (சூது இல்லை என்று வாதாடிவிட்டு மாதாவைக் கூப்பிட்டது சரியா, தெரியவில்லை.)

ஐந்தும் நாலும்.

என் இரண்டு காயையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். சத்தம். விசில். யாரோ ஒரு தகர டின்னைத் தட்ட ஆரம்பித்தான். கன்னியப்பன் ஹலீல் தோளிலிருந்த சால்வையை உருவி எனக்குப் போட்டார். ஹலீலே அதற்குக் கைதட்டினான்.

"அன்னிக்கி அந்தப் பண்டிதனுங்க முழிச்சதுக்கு இன்னிக்கி தண்டார்பேட்டலேர்ந்து பதில் போச்சுடா!" கன்னியப்பன்தான், ஸ்டூல்மேல் ஏறி.

வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று பார்த்திருக்கிறார், எனக்குத் தெரியாமல். வழியில் எனக்குப் பர்மாக்காரர் கடை நூடுல்ஸ், அத்தோ, வாங்கிக் கொடுத்தார். வீடு வந்ததும், "ஏன் வெட்டல?" என்று கேட்டார். சாப்பாட்டு மேஜையில் பலகையை விரித்து விளக்கினேன். தட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்!

பிப். 9, திங்கள்

இடது தோள் பிடிப்பு. சந்தோஷத்தில் யாரோ ஓங்கித் தட்டியது.

கப்பல் கிளம்பிவிட்டது. ஹலீலுக்கு என் கணக்கில் நல்ல டீத்தூள் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு ஜோடி பகடை வந்தது, சின்னது, கடுகு மாதிரி புள்ளி. கண்ணாடி போட்டால்தான் தெரிகிறது.

கல்மண்டபம் மார்க்கெட் வரை செய்தி போயிருக்கிறது. காய்கறிக்காரர் கேட்டார், "பாரசீகத்துக்காரன அட்ச்சி தொவச்சது நீதானாமே?" துருக்கி வேறு, பாரசீகம் வேறு. சொல்லலாம். சொல்லவில்லை. பச்சை மிளகாய் இனாமாகக் கொடுத்தார்.

பிப். 12, வியாழன்

மின்வெட்டு. கொசு.

கன்னியப்பன் மேஜை போட்டுவிட்டாராம். ஜன்னல் ஓரம், ஃபேனுக்கு நேர் கீழே. அவர் நாற்காலி இருந்த இடம்! பெயிண்டர் கூட்டி வந்து சுவரில் 'பேக்கமன், ஞாயிறு மட்டும், காசு வைத்து ஆடக் கூடாது' என்று எழுதவும் செய்திருக்கிறார். மூர்த்தி போட்டோ அனுப்பினான். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

பிப். 15, ஞாயிறு

லேசான காற்று. கடல் வாசனை, மணலி எண்ணெய் ஆலை வாசனையை அமுக்கிவிட்டது, அதிசயம்.

நீலப் புடவை கட்டிக்கொண்டு நாலரைக்கு மன்றம் போனேன். மேஜையைச் சுற்றிக் கூட்டம். முண்டியடித்து உள்ளே போனால் ஒரு பக்கம் கன்னியப்பன், எதிரே என் வீட்டுக்காரர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 'கடைக் கணக்கு பார்க்கிறேன்' என்று கிளம்பின மனுஷன்!

"என்னங்க, எழுந்திருங்க. என் மேஜை."

பலகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இரு ஸ்டெல்லா, இவரு காய வெட்டலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டு இருக்கேன்."

"லைன்ல நில்லுக்கா, ஒனக்கு முன்னால எத்தினி பேரு கீறாங்க பாரு," என்றார் கன்னியப்பன். பார்த்தேன். வரிசை கேரம் பலகைகளைத் தாண்டி வாசல் வரை. கேரம் பலகை எல்லாம் காலி.

ஆறரை வரை நின்றேன். ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு மத்தியானமே போய்த் துண்டு போட்டுவிட வேண்டும்.