அந்தக் கடைசி பாஸ்

அன்புள்ள இத்தோவுக்கு,

நீயும் அம்மாவும் நலமாயிருக்க இறைவன் அருளட்டும். ஊஜ்தாவில் நான் நலம். குளிரில் முழங்கால்தான் கொஞ்சம் முனகுகிறது. என் பழுப்பு ஜெலாபா அங்கியை அனுப்பிவை. துவைக்காதே, வீட்டு வாசனை இருக்கட்டும்.

நேற்றுக் காலை பனிமூட்டத்துக்குள் டாக்சி மிதந்துபோனது. ஓட்டுநர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏன் கேப்டன், அந்த ஃபைனல்ல நீங்களே கோல் அடிக்காம எதுக்கு பாஸ் கொடுத்தீங்க?"

நாட்டுக்காக நான் ஆடிய கடைசி ஆட்டம். பதினோரு வருடமாக எல்லோரும் திட்டிக் கேட்கும் கேள்வி.

"அவன் தனியா நின்னான்," என்றேன்.

"நானும் பார்த்தேனே! பாஸ் சரிதான். அவன்தான் கோட்டைவிட்டான்."

வெளியே பனியில் அந்தப் பந்து இன்னொரு முறை மெல்ல உருண்டது. அழுதுவிட்டேன்.

அன்று நீயும் இதையேதான் சொன்னாய். மனைவி வேறென்ன சொல்வாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மன்னித்துவிடு.

நான் பயிற்சி தரும் அணி காத்திருக்கிறது, ஓடுகிறேன்.

உன்
மோஹா