நசீமாவின் கடைசிப் படத்துக்கு ஒரு வரி

என் கண்ணே நசீமா,

ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் நம் கண்காட்சி. பதினொரு படங்களுக்கு வரிகள் தயார். பன்னிரண்டாவது, நீ கடைசியாக எடுத்தது, என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாயே, இதை நான் யாரிடம் கேட்பேன்?

நீ படமெடுப்பாய், நான் எழுதுவேன். மழைப் படத்துக்கு 'மழை பெய்கிறது' என்று எழுதிக் கொடுத்தபோது எப்படிச் சிரித்தாய்! "அதான் படத்துலயே கீதேடி. படத்துக்கு வெளியே இன்னா இருந்துச்சுன்னு எழுது" என்றாய். அதற்கப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் உன்னை நச்சரித்துக் கேட்டுத்தான் எழுதினேன்.

கடைசிப் படமும் வழக்கம்போல் கறுப்பு வெள்ளை. நசரத்பேட்டை பஸ் ஸ்டாப், மழை, குடைக்குள் சாலைக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். 'யாருக்காகவோ காத்திருக்கும் யாரோ ஒருத்தி' என்று எழுதி உன் அம்மாவிடம் காட்டினேன். கூடவே, உன் படம் ஒன்று கொடுத்தால் மாலை போட்டு வாசலில் வைக்கலாம் என்றும் கேட்டுத் தொலைத்தேன். எங்கள் வீட்டு வழக்கம் வாயில் வந்துவிட்டது.

"எங்க ஊட்ல அந்தப் பழக்கம் இல்லம்மா. அவ படம்தான் ஏது? ஊரையெல்லாம் எடுத்துகினு இருந்தா" என்றார். பிறகு என் வரியைப் படித்துவிட்டு என்னையே பார்த்தார். "இன்னாம்மா, யாரோன்னு எழுதிக்கீறே? இந்தக் கம்பி வளைஞ்ச குடை எங்களுது. நீதானே வாங்கிகினு போனே?"

என் முதுகு எனக்கே தெரியவில்லை, நசீ. அன்று நீ முக்கால் மணி நேரம் தாமதம். வந்ததும் உன்னைக் கண்டபடி திட்டினேன். நீ நனைந்துகொண்டு நின்றாய். அதுவரை எதிர்ப்பக்கத்தில் நின்று என்னைத்தான் எடுத்துக்கொண்டிருந்தாயா? ஏன்டி சொல்லவில்லை?

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எழுதுகிறேன், அடிக்கிறேன், மறுபடி எழுதுகிறேன். எதை எழுதினாலும் அந்தத் திட்டுதான் காதில் விழுகிறது. குடையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், அம்மா வாங்கவில்லை.

படத்தை ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிடுவேன், இது சத்தியம். கீழே 'எதிர்ப்பக்கத்தில் நசீமா நனைந்துகொண்டு நிற்கிறாள்' என்று மட்டும் இருக்கும். அதற்கு அடுத்த வரி எனக்கு வரவில்லையடி.

இப்படிக்கு,
உன் வீட்டின் இன்னொரு மகள்,
கலா