கைத்தாளத்துக்கு ஒரு விரல்

மாமா,

இன்று காலை உங்கள் மகன் கம்பெனியிலிருந்து ஒரு மீட்டர் துணி கொண்டுவந்து கொடுத்தார். இன்னும் சாயத்துக்குப் போகாத, பொடிப்பொடியாகக் கண் வைத்த பனியன் துணி. ஸ்பீக்கர் பெட்டிகளின் முகத்தில் நீங்கள் கட்டிவிட்டுப் போன துணி ஜன்னல் வெயிலிலும் சாம்பிராணிப் புகையிலும் மஞ்சளாகிவிட்டது; இடது பெட்டியின் ஓரத்தில் நைந்து நூலாகத் தொங்குகிறது. புதுத் துணியைக் கையில் வாங்கியவுடன் நான் என்ன செய்தேன் தெரியுமா? உதட்டோடு ஒட்ட வைத்து, அந்தப் பக்கம் உள்ளங்கையைக் காட்டி ஊதிப் பார்த்தேன்.

“என்ன புள்ள, துணிக்கு முத்தமா?” என்று சிரித்தார்.

“உங்கப்பா இப்படித்தானுங்க பாப்பாங்க.”

“மூச்சுப் போவாத துணியில பாட்டு எப்படிப் போவும் அம்மிணி?” என்பீர்கள். காற்று தடையில்லாமல் உள்ளங்கையில் வந்து பட்டது. கூடவே நிட்டிங் மெஷின் எண்ணெயின் வாசம். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளில் உங்கள் சட்டையில் இருந்த அதே வாசம்.

நெருப்பெரிச்சல் ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் முப்பது வருடத்துக்கு மேல் நிட்டிங் மாஸ்டராக இருந்தீர்கள். உங்களைப் பற்றி அங்கே ஒரு பேச்சு உண்டு. உங்கள் மகன்தான் சொல்வார். பன்னிரண்டு மெஷின் ஒன்றாக ஓடும்போது வாசற்படியில் கால் வைத்தவுடனே, “நாலாவது மெஷின்ல ஊசி போயிருச்சு, நிறுத்துடா” என்பீர்களாம். நிறுத்திப் பார்த்தால் ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்று முறிந்திருக்குமாம். துணியில் கோடு விழுவதற்கு முன்பே உங்கள் காதில் விழுந்துவிடும். ஊருக்குள் உங்கள் மரியாதை அந்தக் காதில்தான் இருந்தது. உங்களுக்கும் அது தெரியும்.

வேலையை விட்டு வந்த மறு மாதமே முதல் ஆம்ப்ளிஃபயர் வந்தது. டவுனில் ஒரு மெக்கானிக் கையால் பூட்டியது. ஆசாரி ஒருவரை வைத்துப் பெட்டிகளை நீங்களே அளவு சொல்லிச் செய்தீர்கள். அதற்குள் அடைப்பதற்குப் பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை. இந்த ஊரில் நமக்குக் குறைவில்லாமல் கிடைப்பது அதுதானே. இருக்கிறதே என்று மெத்தை அடைப்பதுபோல் கெட்டியாக அடைத்துவிட்டீர்கள். ஒரு ஓதுவார் பாடிய பதிகக் கேசட்டைப் போட்டீர்கள். அவர் வாயில் துண்டை வைத்துக்கொண்டு பாடுவதுபோல் இருந்தது.

“எப்படி அம்மிணி?”

“நல்லா இருக்குதுங்க மாமா.”

வேறு என்ன சொல்வேன்? மாமனார் கேட்டால் மருமகள் சொல்லும் பதில் அது ஒன்றுதான். சாப்பாட்டுக்கும் அதுதான், பேரன் பேத்திக்கு வைக்கும் பெயருக்கும் அதுதான். நம் பக்கத்து மரியாதை அப்படி. ஆனால் நான் எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள். பால், அரிசி, கோயில் எண்ணெய் எல்லாம் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அன்று எழுதினேன்: “பெட்டியில் துணி அதிகம். குரல் மூடிக்கிடக்கிறது.” நோட்டில் பொய் எழுதக் கை வரவில்லை. நான்கைந்து நாள் கழித்து நீங்களே உணர்ந்து பாதியை எடுத்துவிட்டீர்கள். குரல் திறந்துகொண்டது. அதையும் எழுதினேன்.

அப்படியே அந்தக் கடைசிப் பக்கம் முன்பக்கம் நோக்கி வளர்ந்தது. ஆம்ப் மாறியது. கேசட் போய் சிடி வந்தது. ஒயர் மாறியது. ஒன்று வாங்கினால் ஒரு வருடம் அதோடு வாழ்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. “அவசரப்பட்டு வாங்குனா கடைக்காரனுக்குத்தான் இனிக்கும்” என்பீர்கள். எது மாறினாலும் சோதனைக்கு அந்த ஒரே பதிகம். பாத்திரம் கழுவிக்கொண்டே அதை எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பேன்! ஆம்ப்போடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்தது உங்களுக்குத் தெரியாது.

கோலமாவு நாள் நினைவிருக்கிறதா? ஓதுவாரின் குரல் எப்போதும் வலது பெட்டிப் பக்கமே சாய்ந்திருப்பதாக நீங்கள் ஒரு வாரம் தவித்தீர்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, “ஏனுங்க மாமா, புள்ளி தப்பி இருக்குதுங்க” என்றேன். வலது பெட்டி சுவரிலிருந்து நாலு விரல் கூடத் தள்ளி, நாற்காலிக்குக் கிட்டே இருந்தது. தினமும் வாசலில் புள்ளி வைக்கிற கண்ணுக்கு அது உறுத்தாமல் போகுமா? நீங்கள் தையல் டேப்பை என்னிடம் நீட்டினீர்கள். இரண்டு பெட்டிக்கும் உங்கள் பிரம்பு நாற்காலிக்கும் தரையில் கோலமாவால் மூன்று புள்ளி வைத்தேன். பெட்டிகளை நகர்த்திவிட்டு, “நீ உக்காந்து கேளு” என்றீர்கள்.

உங்கள் எதிரில், உங்கள் நாற்காலியில், நான்! அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

“பொட்டிக்குப் பொங்க வெக்கறது ஒண்ணுதான் பாக்கின்னு இருந்தேன். இப்ப மருமகளுக்குச் சிம்மாசனம் வேறயா?”

“நீயும் வந்து உக்காரு, யாரு வேண்டாம்னா?”

“எனக்கு அடுப்புல குழம்பு கொதிக்குது சாமி. அது நல்லாவே பாடுது.”

நுனியில் உட்கார்ந்தேன். பதிகம் தொடங்கியது. ஓதுவார் இடத்திலும் இல்லை, வலத்திலும் இல்லை. இரண்டு பெட்டிக்கும் நடுவே, சரியாக நம் பூஜை விளக்கு எரிகிற இடத்தில் நின்று பாடினார். அவருக்குப் பின்னால் ஓரடி தள்ளி வெண்கலக் கைத்தாளம் விழுந்தது. விழுந்து, அதன் ரீங்காரம் நூல்போல் நீண்டு, சுவரில் கரைந்தது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்து எழுந்து நின்று கும்பிட்டுவிட்டேன். அன்றைக்குச் சொன்ன “நல்லா இருக்குதுங்க மாமா” மட்டும் பொய்யில்லை.

அதற்கப்புறம்தான் கஷ்டம் வந்தது.

“கைத்தாளம் மங்கிருச்சு” என்று ஒரு நாள் சொன்னீர்கள். மெல்லிய கூர்ச்சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிள் குமிழைக் கொஞ்சம் திருகி ஏற்றினீர்கள். மறு வருடம் இன்னும் கொஞ்சம். பிறகு அந்தச் சத்தத்துக்கென்று பெட்டிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரை, ட்வீட்டரை, மாற்றினீர்கள். போதவில்லை என்று மறுபடியும் மாற்றினீர்கள். ஒயரைக் குறை சொன்னீர்கள், சிடியைக் குறை சொன்னீர்கள். கைத்தாளம் எங்களுக்குக் கண்ணாடியில் ஆணி கீறுவதுபோல் வந்து விழுந்தது. பாட்டுப் போட்டால் உங்கள் மகன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அத்தை காதில் பஞ்சை வைத்துக்கொண்டு பூக்கட்டினார்கள். நீங்கள் என் பக்கம் திரும்பி, “இப்ப எப்படி?” என்பீர்கள்.

“நல்லா இருக்குதுங்க மாமா.”

நோட்டில்: “பல் கூசுகிறது. பெட்டியில் குறையில்லை. மாமாவுக்குக் காது மந்தமாகிறது என்று நினைக்கிறேன்.” அந்த வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தேன்.

பெட்டிகளே சரியில்லை என்று கடைசியில் முடிவுக்கு வந்தீர்கள். கோயமுத்தூர்க் கடைக்காரர் புதுப் பெட்டி இறக்கிவிட்டு இந்தப் பழையதை எடுத்துக்கொள்ள வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். உங்கள் கையால் உப்புத்தாள் தேய்த்த பெட்டிகள்! பன்னிரண்டு வருட உழைப்பு, நான் வாய் திறக்காததால் வண்டி ஏறப் போகிறது. வாய் திறந்தாலோ, ஊரே மெச்சிய காதை மருமகள் குறை சொன்னதாகிவிடும்.

வியாழக்கிழமை காலை அம்மன் கோயிலுக்குப் போய் உத்தரவுக்காகப் பூக் கேட்டேன். பூசாரி வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து ஆத்தா முன்னால் போட்டார். “சொல்லட்டுமா தாயே?” என்று எடுத்தேன். சிவப்பு; கூடாது. மனசு கேட்கவில்லை. “அப்ப சொல்லாம உட்டரட்டுமா?” என்று மறுபடி எடுத்தேன். அதுவும் சிவப்பு.

பூசாரி சிரித்துவிட்டார். “ரெண்டுக்கும் ஒப்புக்க மாட்டேங்கறா. உன்ற பாட்டை நீயே பாத்துக்க அம்மிணி.”

வீட்டுக்கு வந்து, நோட்டை உங்கள் பிரம்பு நாற்காலியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். என் வாய் சொல்லாததை என் கையெழுத்து சொல்லட்டும் என்று. கண்ணாடியை எடுத்து மாட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் பக்கம் புரள்கிற சத்தம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. சோறு குழைந்தது.

“அம்மிணி. இங்க வா.”

வந்தேன்.

“இதெல்லாம் நீ எழுதுனதா?”

“ஆமாங்க மாமா.”

“பன்னண்டு வருசமா வாயில ஒண்ணு, நோட்டுல ஒண்ணு.”

“தப்புத்தானுங்க மாமா.”

நீங்கள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “பூஜை மணிய எடுத்துட்டு அந்தக் கோடிக்குப் போ” என்றீர்கள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டீர்கள். “அடி. கேட்டா கையத் தூக்கறேன்.”

அடித்தேன். உங்கள் கை தொங்கியபடியே இருந்தது. இரண்டடி கிட்ட வந்து அடித்தேன். இல்லை. இன்னும் கிட்ட. அத்தை கட்டின பூவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். உங்கள் முதுகுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்து அடித்தபோதுதான் கை எழுந்தது. அதுவும் பாதி.

தினமும் காலையில் நான் மணி அடித்ததும் எழுந்து வந்து தீபாராதனை எடுத்துக்கொள்வீர்களே மாமா! மணிக்கு வரவில்லை, கற்பூர வாசனைக்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்களுக்கும் அதே நொடியில்தான் உறைத்திருக்கும்.

திரும்பினீர்கள். முகத்தில் நான் பயந்தது எதுவும் இல்லை.

“காத மெசினுக்குக் குடுத்துட்டு வந்துட்டேன் போல. பரவால்ல, அதுதானே சோறு போட்டுச்சு” என்றீர்கள். கடைக்காரருக்குப் போன் செய்து வண்டி வேண்டாம் என்றீர்கள். பிறகு ஆம்ப் பக்கத்தில் என்னைக் கூப்பிட்டு, “உன்ற காதுக்குக் கூசாத இடத்துல இதை நிறுத்து” என்றீர்கள். ட்ரெபிள் குமிழைத் திருப்பினேன். நான் நிறுத்திய இடத்துக்கு நேராகப் பூஜைத் தட்டிலிருந்து குங்குமம் எடுத்து ஒரு பொட்டு வைத்தீர்கள்.

“ஒண்ணு சொல்லீட்டேன். இனிமே ‘நல்லா இருக்குதுங்க மாமா’ன்னீனா பொட்டிய மூடி வெச்சிருவேன். என்ன கேக்குதோ அதைச் சொல்லு. மரியாதையெல்லாம் காப்பி குடுக்கறப்பக் குடு, போதும்.”

இத்தனை வயதில், இத்தனை பேர் வாங்கிய பிறகு, தன் காது போனதை ஒரு முற்பகலில் ஏற்றுக்கொண்டு மதியம் குழைந்த சோற்றைக் குறை சொல்லாமல் சாப்பிட எத்தனை பேரால் முடியும்? எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். காது மெஷின் ஒன்று வாங்கி மாட்டிப் பார்த்தீர்கள். “பாட்டெல்லாம் டப்பாவுக்குள்ள பாடுது” என்று, பேச்சுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டீர்கள்.

பெட்டி வேலை நிற்கவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் இருந்த நான்கு வருடத்தில்தான் அது இன்றைக்கு இருக்கிற பெட்டியானது. நடு நாற்காலி எனக்கு வந்துவிட்டது. உங்களுடையது பக்கவாட்டில், சத்தம் சரியாகச் சேராத இடத்தில். ஏன் அங்கே என்று அத்தை கேட்டதற்கு, “அம்மிணி கை தெரியணும்ல” என்றீர்கள். கைத்தாளம் விழும்போதெல்லாம் நான் ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும். அதன் ரீங்காரம் தீரும்போது மடக்க வேண்டும். நீங்கள் ஒரு உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு, கண்ணை என் விரலில் வைத்துக்கொண்டு கேட்பீர்கள். “இன்னிக்கு ரெண்டு நொடி கூட நிக்குது. புது ஒயரு வேலை செய்யுது” என்று என் விரலைப் பார்த்தே சொல்வீர்கள். நான் காதால் கேட்டதை நீங்கள் கண்ணால் சரிபார்த்தீர்கள். முறிந்த ஊசியைக் கண்டுபிடித்த ஆள் அல்லவா!

நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. பதிகம் இப்போது பென்டிரைவில் இருக்கிறது. குங்குமம் மங்கும்போதெல்லாம் அதே இடத்தில் புதிதாக வைக்கிறேன்.

இன்று பகலில் உங்கள் மகனும் நானுமாகச் சட்டத்தில் புதுத் துணியை இழுத்துக் கட்டினோம். பதிகத்தைப் போட்டுவிட்டு நடு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “எப்படி இருக்குது?” என்றார்.

“இடது பக்கம் துணி தொளதொளன்னு நிக்குதுங்க. கீழ்ச்சுரத்துக்கு அதிருது. அவுத்துக் கட்டோணும்.”

“ஏம் புள்ள, ஒரு மணி நேரமா மல்லுக்கட்டியிருக்கறேன். நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“அப்படிச் சொன்னா உங்கப்பா பொட்டிய மூடிருவாங்க.”

அவர் ஸ்குரூடிரைவரை எடுத்தார். அவிழ்த்து, மறுபடி இழுத்து, நான்கு மூலையும் சரிபார்த்துக் கட்டினோம். பதிகம் மீண்டும் தொடங்கியது. ஓதுவார் விளக்குக்கு முன்னால் வந்து நின்றார். முதல் கைத்தாளம் விழுந்தது. நான் நினைக்கவேயில்லை மாமா, என் விரல் தானாகவே எழுந்துகொண்டது. உங்கள் நாற்காலிப் பக்கமாக, நன்றாகத் தெரியும்படி. ரீங்காரம் தீரும் வரை மடக்காமல் வைத்திருந்தேன்.