நாற்பத்தேழு குறைகள்

8.3.87, ஞாயிறு

நசரத்பேட்டையில் மனை பார்த்துவிட்டு வந்தோம். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. கிழக்கே ஒரு அடி சரிவு வேறு. வேண்டாம் என்று தரகரிடம் சொல்லிவிட்டேன். இது ஆறாவது மனை. பஸ் ஸ்டாப் வரும்வரை என் மனைவி ரோஸி எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள்.

பஸ்ஸுக்கு நின்றபோது எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு கார் கண்ணில் பட்டது. பழைய மோரிஸ் மைனர். டயர்கள் பாதி மண்ணுக்குள் இருந்தன. பானட் மேல் ஒரு ஆடு படுத்திருந்தது. கேட்டில் கரியால் ‘விற்பனைக்கு’ என்று எழுதியிருந்தார்கள்.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

“என்ன, அதுலயும் சரிவு இருக்கா?” என்றாள் ரோஸி.

9.3.87

வேலை ஓடவில்லை. பதினெட்டு வருடமாக இதே மேசை. பாகம் வரும், அளப்பேன், குறை இருந்தால் சிவப்பு மையில் குறியிட்டு ஒதுக்குவேன். ஆவடித் தொழிற்சாலையில் என் கையைத் தாண்டி ஒரு கோணல் வெளியே போனதில்லை. இதில் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்?

ஆனால் குறை தெரிந்தால் விலகிப் போகிற ஆள், முழுக்க முழுக்கக் குறையாக இருந்த ஒன்றின்முன் நேற்று ஏன் நின்றேன்?

15.3.87, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் தனியாகப் போனேன். டார்ச், அளவுநாடா, சுத்தியல், கார்பன் தாள் எல்லாம் கொண்டுபோனேன்.

காருக்குச் சொந்தக்காரர் வேதமுத்து. எழுபது வயதிருக்கும். மிஷன் ஆஸ்பத்திரியில் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர். ஊருக்குத் திரும்பிய டாக்டரிடமிருந்து இதை வாங்கினாராம். “துரு நெறைய கீது சார். ஆனா இஞ்சின் ஒருநாளும் என்னை நடுரோட்ல உட்டதில்ல. பொஞ்சாதி பூட்டா, எட்டு வருசமாச்சி. அப்பாலிக்கா நான் சாவியத் தொடல. புள்ள பம்பாய்ல கீறான். எடத்த அடைச்சிகினு கீது, வித்துடுன்றான்.”

மூன்று மணி நேரம் பார்த்தேன். அடியில் படுத்துப் பார்த்தேன். நாற்பத்தேழு குறைகள். எண் 1: பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருக்கிறது. எண் 23: முன்சீட்டில் கோழி அடைகாக்கிறது. எண் 31: பின்பக்க இடது கதவு தொங்குகிறது, தூக்கிச் சாத்தினால்தான் சாத்தும். எண் 47: ஹாரன் இல்லை.

எழுத எழுத ஆசை கூடிக்கொண்டே போனது. இப்படி எனக்கு நடந்ததே இல்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். கிளம்பும்போது பட்டியலின் ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்துவிட்டேன். தொழிற்சாலைப் பழக்கம். குறைச்சீட்டில் ஒரு பிரதி, பொருளைச் செய்தவனுக்குப் போக வேண்டும். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். முகம் சுருங்கிவிட்டது.

16.3.87

பக்கத்து மேசை தங்கவேல் தலையில் அடித்துக்கொண்டான். “லிஸ்ட கையிலயா குடுத்த? இன்னா மாமே நீ! நாப்பத்தேழு நோவு கீதுன்னு சொன்னா, அந்தப் பெரியவரு எட போட்டுப் பழைய இரும்புக்குத் தள்ளிடுவாரு.”

ராத்திரி என் பிரதியை எடுத்து மறுபடி படித்தேன்.

22.3.87, ஞாயிறு

பட்டியலை ரோஸி படித்தாள். கடைசிவரை படித்துவிட்டு, “நாப்பத்தெட்டு விட்டுப்போச்சே” என்றாள்.

“எது?”

“உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது.”

ஞானகுமாரி சமையலறையில் விழுந்து விழுந்து சிரித்தாள். என் தங்கை அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

2.4.87

முடிவு எடுக்கவில்லை. ஒருநாள் வாங்குவது, மறுநாள் வேண்டாம். குவார்ட்டர்ஸில் நிறுத்த இடமில்லை. உதிரிபாகத்துக்குத் தெருத்தெருவாக அலைய வேண்டும். எல்லாம் சரிதான். எல்லாம் எப்போதும் சரிதான்!

ராத்திரிச் சாப்பாட்டில் ரோஸிக்குக் கோபம் வந்துவிட்டது. “லிஸ்டு போட்டு லிஸ்டு போட்டுத்தான் ஞானத்துக்கு வந்த அஞ்சு மாப்பிள்ளைய அனுப்பினீங்க. காராவது தப்பிக்கட்டும்.”

ஞானம் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுக்கு முப்பத்துமூன்று.

ஒருவர் குடிப்பார் என்று கேள்வி. ஒருவருக்குக் கடன். இரண்டு பேருக்கு நிரந்தர வேலை இல்லை. ஐந்தாவது ஜேசுராஜ், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டோர் கீப்பர். தங்கமான ஆள். சின்ன வயதில் காய்ச்சல் வந்து ஒரு காது கேட்காமல் போயிருந்தது. அதற்காகத்தான் வேண்டாம் என்றேன். அது இரண்டு வருடத்துக்கு முன்பு. அன்றைக்கு ஞானம் என்னமோ சொன்னாள். என்ன சொன்னாள்?

17.4.87, பெரிய வெள்ளி

கோயிலில் ஜேசுராஜ் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். இன்னும் தனியாள்தான்.

9.5.87, சனி

வாங்குகிறேன். முடிவு செய்துவிட்டேன். நாற்பத்தேழும் தெரிந்தே வாங்குகிறேன். ரோஸியிடம் சொன்னபோது என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று. பிறகு, “சரி, ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு நடக்க வேண்டாம்” என்றாள். அவளுக்கும் உள்ளூர ஆசை இருந்திருக்கிறது.

சின்னப் பையனைப்போல இருக்கிறது எனக்கு.

10.5.87, ஞாயிறு

வேப்பமரத்தடியில் கார் இல்லை.

நான்கு பள்ளம் மட்டும் இருந்தது. கேட்டில் எழுத்து அழிக்கப்பட்டிருந்தது. தங்கவேல் சொன்னதுதான் நடந்திருக்கிறது, என் பட்டியலே அதைக் கொன்றுவிட்டது என்று நினைத்தேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. வெட்கமென்ன, என் நோட்டுதானே.

அப்போது வீட்டுக்குப் பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டது. இருமியது, நின்றது, மறுபடி பிடித்தது.

வேதமுத்து ஐயா பனியன் எல்லாம் கிரீஸாக வெளியே வந்தார். கையில் என் பட்டியல். வரிக்கு வரி பென்சிலால் டிக் அடித்திருந்தது. எண் 23-க்கு நேரே, ‘21 நாள் டயம் குடுத்தேன். ஒன்பது குஞ்சு’ என்று இருந்தது.

“ஒன் சீட்டப் பாத்து மொதல்ல கோவம் வந்துச்சி சார். இன்னாடா, நம்ம வண்டிய இப்டி எழுதிட்டானேன்னு. அப்பால பாத்தா ஒண்ணாம் நம்பரு அஞ்சு நிமிச வேலை. செஞ்சேன். சரி, ரெண்டாம் நம்பரையும் பாக்கலாம்னு... எட்டு வருசமா காலைல ஏந்திரிச்சா இன்னா பண்றதுன்னே தெரியாது சார் எனக்கு. இப்போ நம்பர் கீது.”

“ஐயா, நான் வாங்கறதா முடிவு பண்ணித்தான் வந்தேன்.”

“தெரியும் சார். ஒன் மூஞ்சப் பாத்தப்பவே தெரிஞ்சுது. மன்னிச்சிக்க. வண்டி விக்கல.”

கோபம் வந்தது. வாழ்க்கையில் முதல்முறை சரி என்று சொல்லப் போய், கிடைத்தது இதுவா? ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, பட்டியலில் டிக் இல்லாத ஒரே வரியைக் காட்டினேன். எண் 31. கீல் மாற்றினால் அரைமணி நேரத்தில் முடியும் என்றேன்.

“அத்த மட்டும் தொடமாட்டேன். வாரம்பூரா ஊரான் ஊட்டுப் பொம்பளைங்கள பின்சீட்ல வெச்சி ஓட்றியே, ஞாயித்துக்கெழம என்னை வெச்சி ஓட்டுன்னுவா என் பொஞ்சாதி. பின்னாலதான் குந்துவா. எறங்கறப்போ அந்தக் கதவப் புடிச்சித் தொங்கித்தான் எறங்குவா. அதான் தொங்கிப்போச்சி. கொறதான் சார். இருந்துட்டுப் போவட்டும். எப்டித் தூக்கிச் சாத்தணும்னு நமக்குத் தெரியுமில்ல?”

பிறகு பட்டியலில் கையெழுத்துக் கேட்டார். தொழிற்சாலையில் எப்போதாவது குறையோடு ஒரு பாகத்தை ஏற்றுக்கொள்வதுண்டு. அதற்கு மேலதிகாரிக்கு எழுதிக் கேட்க வேண்டும். நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எண் 31-க்கு நேரே, ‘குறையுடன் ஏற்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பூந்தமல்லி தாண்டும்போது பஸ்ஸில் ஞாபகம் வந்துவிட்டது, அன்றைக்கு ஞானம் சொன்னது.

“கேக்கிற காது பக்கமா நான் உக்காந்துக்கிடுதேன் அண்ணே.”

அவள் சொன்னாள். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிற எனக்கு அது கேட்கவில்லை.

11.5.87

அவளிடம் எப்படிக் கேட்பது? நாள் முழுக்க யோசித்து, கடைசியில் தண்ணீர் பிடிக்கும்போது கேட்டேன். “ஜேசுராஜுக்கு எந்தக் காது கேக்கும்?”

குடம் நிரம்பி வழிந்தது. “இடது” என்றாள், என்னைப் பார்க்காமல்.

“நான் போய்ப் பேசவா?”

“ரெண்டு வருஷம் கழிச்சுக் கேக்கிய” என்றாள். குழாயை மூடினாள். பிறகு, “போங்க” என்றாள்.

17.5.87, ஞாயிறு

ஜேசுராஜின் வீட்டுக்கு நான் மட்டும் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் நாற்காலியைத் திருப்பிப்போட்டு இடது காதை என் பக்கம் வைத்து, நான் தடுமாறி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, “டீச்சர் சரின்னு சொன்னாங்களா?” என்று அதை மட்டும் கேட்டார்.

சொன்னாள் என்றேன். எழுந்து உள்ளே போய், வெகுநேரம் கழித்துக் காபியோடு வந்தார். காபியில் சர்க்கரை இல்லை. நான் சொல்லவில்லை.

3.9.87, வியாழன்

இன்று ஞானகுமாரிக்குக் கல்யாணம் முடிந்தது. நல்லபடியாக.

வேதமுத்து ஐயா தானாகவே வண்டியைக் கொண்டுவந்திருந்தார். சலவைச் சட்டை. புது ஹாரன். கோயில் வாசலில் தங்கவேல் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, “நாப்பத்தேழு நோவுன்ன?” என்றான்.

பின்பக்க இடது கதவைத் திறந்தேன். முதலில் ஜேசுராஜ் ஏறி அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டார். பிறகு ஞானம் ஏறி அவருடைய இடது கையோரம் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுமே அவர் காதில் என்னவோ சொன்னாள். அவர் சிரித்தார்.

கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தினேன். சாத்திக்கொண்டது.